சாந்தோமில் தோமையார் கல்லறை முன்னால்

சென்னை சாந்தோம் பேராலயத்துக்கு வருகிறவர்களில் பலர் மேலே கும்பிட்டுவிட்டு, வெள்ளைக் கோபுரம் தெரிய ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான தோமையாரின் கல்லறை கீழே இருக்கிறது. 1896இல் கட்டி முடித்த இந்தக் கோயிலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் அதற்குத் தனி வழி உண்டு, படி இறங்க வேண்டும். அம்மா இறந்த பிறகு நான் போனது அங்கேதான்.

சின்ன ஜெபக்கூடம். பீடத்துக்குக் கீழே கண்ணாடிக்குள் தோமையார் படுத்திருக்கும் சுரூபம். அவருடைய எலும்புகள் இன்றைய துருக்கியில் இருக்கும் எதேசாவுக்குப் போய், பிறகு 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்குப் போய்விட்டன. இங்கே இருப்பது சிறு எலும்புத் துண்டு ஒன்றும், அவரைக் குத்தியதாகச் சொல்லப்படும் ஈட்டி முனையும்தான். ஆனாலும் சனம் வருகிறது. மார்கோ போலோ காலத்திலேயே இந்தப் பக்கத்து மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். என் பக்கத்தில் முட்டி போட்டிருந்த பாட்டி நான்காய் மடித்த நோட்டுத் தாள் ஒன்றைப் பிரித்து, இறந்துபோன தன் வீட்டு ஆட்களின் பேர்களை ஒவ்வொன்றாக முணுமுணுத்து, ஒவ்வொரு பேருக்கும் பிறகு "நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே" என்றார். நானும் அம்மா பேரைச் சொன்னேன்.

அடக்கத்தன்று வந்தவர்கள் எல்லாரும் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள்: ஆன்மா போய்ச் சேர்ந்துவிட்டது, உடம்பு வெறும் கூடு. எனக்கு அது ஆறவில்லை. அம்மாவின் வலது மணிக்கட்டில் கஞ்சி வடிக்கும்போது பட்ட சூட்டுத் தழும்பு உண்டு, பெட்டியை மூடும்வரை நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையைக் கூடு என்று எப்படிச் சொல்ல?

தோமையாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆண்டவரைப் பார்த்தோம் என்று மற்றச் சீடர்கள் சொன்னது அவருக்குப் போதவில்லை, காயத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். எட்டு நாள் கழித்து இயேசு வந்து கையைக் காட்டினார். உயிர்த்த உடலிலும் ஆணித் தழும்பு அப்படியே இருந்தது! சாவை வென்ற உடல், பூட்டிய அறைக்குள் வந்து நிற்கும் உடல், ஆனால் அதே உடல். ஞாயிறுதோறும் "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோமே, அது இதுதான். சாகும்போது ஆன்மா பிரிந்து தனித்தீர்வைக்கு, அதாவது ஒவ்வொருவருக்கும் தனியாக நடக்கும் தீர்ப்புக்குப் போகிறது. மோட்சம் போகுமுன் தூய்மையாக வேண்டியவர்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்காக நாம் பூசை வைக்கிறோம். சிஎஸ்ஐ என்னும் புராட்டஸ்டண்ட் சபையில் இருக்கும் என் சித்தி வீட்டார் உத்தரிக்கிற ஸ்தலத்தை ஏற்பதில்லை, சரி. ஆனால் கடைசி நாளில் ஆன்மாவும் உடலும் திரும்பச் சேரும் என்பதில் அவர்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இல்லை. மோட்சத்தோடு கதை முடிவதில்லை, உயிர்ப்பு பாக்கி இருக்கிறது.

தோமையாரைப் பற்றி விவிலியத்தில் இல்லாத ஒரு பழைய கதை உண்டு, சிரியாக் கிறிஸ்தவர்கள் எழுதி வைத்தது. அரண்மனை கட்டச் சொல்லி ராஜா கொண்டபோரஸ் கொடுத்த பணத்தை எல்லாம் அவர் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். அரண்மனை எங்கே என்று ராஜா கேட்டதற்கு, இப்போது தெரியாது, இறந்த பிறகு பார்ப்பாய் என்றார். சிறையில் போட்டார்கள். அந்நேரம் ராஜாவின் தம்பி இறந்துபோக, வானதூதர்கள் அவன் ஆன்மாவை மேலே கொண்டுபோய் மாளிகைகளைக் காட்டினார்கள். ஒன்று அவனுக்குப் பிடித்துப்போனது. அது உன் அண்ணனுக்குத் தோமா கட்டியது என்றதும், அதை விலைக்குக் கேட்க உயிரோடு திரும்பி வந்தான்! நடந்ததோ இல்லையோ, அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றவர் யாரையும் வெறும் கையோடு அனுப்பியதில்லை என்பது எனக்குத் தெரியும்.

போகிறவர்கள் பேர்களை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், கீழே போனதும் அழுகையில் பாதி மறந்துபோகிறது. அப்புறம், நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தவர்களுக்காக ஜெபிக்கிறவர்கள், பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் திருத்தந்தையின் கருத்துக்களுக்கான ஜெபமும் சேர்ந்தால், கிடைக்கும் பரிபூரண பலனை, அதாவது மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கு மிஞ்சியிருக்கும் தண்டனை முழுவதும் நீங்கும் சலுகையை, உத்தரிக்கிற ஆன்மாக்களுக்கு ஒப்புக்கொடுக்கலாம். கல்லறைத் திருநாள் ஒரு நாளோடு நிறுத்திவிட வேண்டாம்.