ஆறு விருந்தினருக்கு மேல் தங்காத வீடு

பெரிய ஹோட்டல் ஒன்றில் ஒரு விருந்தினரின் ஓரிரவுத் தங்கலை எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்கிறோம் என்பது வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் தெரிவதில்லை. முன்பதிவை ஒருவர் எடுக்கிறார். முகப்பில் கடப்பிதழைச் சரிபார்த்து அறை அட்டையைக் கொடுப்பவர் இன்னொருவர். பெட்டியை மேலே கொண்டு செல்பவர், அறையைத் துப்புரவு செய்பவர், குளிர்சாதனம் பழுதானால் வருபவர், காலையில் முட்டை பொரித்துக் கொடுப்பவர், கணக்கை முடித்து அனுப்புபவர் என ஒவ்வொருவரும் வெவ்வேறு பிரிவைச் சேர்ந்தவர்கள், வெவ்வேறு ஷிஃப்டில் வருபவர்கள். சிங்கப்பூரின் நகர மையத்தில் உள்ள ஒரு ஹோட்டலின் முகப்புப் பிரிவில் மேற்பார்வையாளராகப் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் நான், இந்தப் பிரிவினைக்குள்ளேயே தொழில் கற்றவன். ஒரே மனிதர் இத்தனை வேலைகளையும் செய்தால் விருந்தோம்பல் எப்படி இருக்கும் என்பதை இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் தங்கிய ஒரு வாரயிறுதியில்தான் அருகிலிருந்து பார்த்தேன்.

மகன் மான்செஸ்டரில் படிக்கிறான். கல்லூரி தொடங்கும் பருவத்தில் அவனைப் பார்க்கச் சென்ற நானும் மனைவியும், அந்த வாரயிறுதியில் ரயிலேறி ஆக்ஸன்ஹோமில் இறங்கி, 1847இல் திறக்கப்பட்ட சிறிய கிளைப்பாதை வழியாக விண்டர்மியருக்குச் சென்றோம். ‘லேக் டிஸ்ட்ரிக்ட்’ எனப்படும் அந்த ஏரிப் பகுதி 1951இல் தேசியப் பூங்காவாகவும் 2017இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. மலைச்சரிவுகளில் சாந்து பூசாமல் அடுக்கிய கல்மதில்களும் அவற்றுக்கிடையே மேயும் ஆடுகளுமாக, உழவர்கள் தலைமுறை தலைமுறையாக உருவாக்கிய நிலம் என்பதும் அந்தச் சிறப்புக்கு ஒரு காரணம். நாங்கள் தங்கியதும் ஆடு வளர்க்கும் குடும்பம் ஒன்றின் கல்வீட்டில்தான். மாடியில் மூன்று அறைகளை விருந்தினருக்கு ஒதுக்கிவிட்டு, கீழே அவர்கள் குடியிருந்தார்கள்.

மூன்று அறைகளுக்குமேல் ஏன் இல்லை என்று தொழில் ஆர்வத்தில் கேட்டேன். உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டில் ஒரே நேரத்தில் ஆறு பேருக்குமேல் தங்க வைக்காதவரை, இங்கிலாந்தில் அதற்கு வணிகச் சொத்து வரி கிடையாது. அந்த அளவைத் தாண்டினால் வீடு வணிகமாகிவிடும் என்று வீட்டு அம்மையார் விளக்கினார். பிறகு பதிவேட்டை நீட்டினார். பெயர், நாடு ஆகிய விவரங்களை எழுதச் சொன்னார். தங்குவோர் பற்றிய குறிப்பை ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்ற 1972ஆம் ஆண்டு ஆணை, மூன்றறை வீட்டுக்கும் முந்நூறு அறை ஹோட்டலுக்கும் ஒன்றேதான். எங்கள் முகப்பில் இயந்திரம் முகத்தையும் கடப்பிதழையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அங்கே பேனா வேலை செய்தது. நாங்கள் எழுதி முடிக்கும் வரை அவர் எங்களோடு பேசிக்கொண்டே இருந்தார். படியேறுவதில் சிரமம் உண்டா, இரவில் குளிருமா, காலையில் எத்தனை மணிக்கு எழுவோம் என்று அவர் கேட்டது பேச்சாகத் தோன்றினாலும், ஒவ்வொரு பதிலும் பிறகு பயன்பட்டதைப் பார்த்தேன்.

அது புரட்டாசி மாதம். என் மனைவி அந்த மாதம் முழுவதும் முட்டைகூடத் தொடமாட்டார். அந்த ஊர்க் காலையுணவோ பன்றி இறைச்சியும் முட்டையும் இரத்தத்தில் செய்த கறுப்பு சாசேஜும் சேர்ந்தது. முந்தைய நாள் மாலையே மறுநாள் காலையுணவுக்கான அட்டையை நிரப்பித் தர வேண்டும். மனைவி ‘சைவம், முட்டை வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்ததும் அந்த அம்மையார் அட்டையோடு வந்து எங்கள் எதிரே உட்கார்ந்தார். பாலும் வெண்ணெயும் சேருமா, இது ஒவ்வாமையா நோன்பா என்று கேட்டார். பிரிட்டனில் உணவு விற்போர் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய விவரத்தைத் தர வேண்டும் என்பது 2014 டிசம்பரிலிருந்து நடப்பில் உள்ள விதி. ஆனால் நோன்புக்கு எந்த விதியும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அக்கறையில் அவர் கேட்டார். உள்ளே போனவர், உறைபெட்டியில் இருந்த சைவ சாசேஜ் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தார். சேர்மானங்களில் முட்டை வெண்கரு இருப்பதை எங்களுக்குக் காட்டி, “இது உங்களுக்கு ஆகாது” என்று சொல்லி எடுத்து வைத்துவிட்டார். மறுநாள் காலை தக்காளியும் காளானும் உருளைக்கிழங்கும் அவித்த அவரையும் வந்தன. மற்றவர்களுடைய இறைச்சியைச் சட்டியில் போடுவதற்கு முன்பே தனிச் சட்டியில் இவற்றைச் சமைத்ததாகச் சொன்னார். என் மனைவி அந்தப் பயணத்தில் மன நிறைவோடு உண்ட காலையுணவு அதுதான்.

இதை வேறொரு நாட்டுப் பெண்மணியின் நல்ல மனம் என்று சொல்லி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. எங்கள் ஹோட்டலில் வேலை செய்பவர்களின் மனமும் நல்லதுதான். அங்கே கேட்டவரும் சமைத்தவரும் பரிமாறியவரும் ஒருவரே என்பதால், தெரிந்துகொண்ட செய்தி எந்தக் கையிலிருந்தும் நழுவவில்லை. முதல் நாள் மழையில் நனைந்த எங்கள் காலணிகளைக் கொதிகலன் அறையில் காயவைத்தவரும் அவரே. நான் தலையணையை நாற்காலியில் எடுத்துப் போட்டிருந்ததைப் பார்த்துத் தட்டையான தலையணையை வைத்தவரும் அவரே. எங்கள் ஹோட்டலில் தலையணையைப் பார்ப்பவர் ஒருவர், அதைப் பற்றி விருந்தினரிடம் பேசும் வாய்ப்புள்ளவர் வேறொருவர்.

திரும்பி வந்ததும் துப்புரவுப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றும் அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னார். “தம்பி, ஒம்பதாவது மாடியில இருக்கிற பாட்டிக்கு வலது கை வராது. தண்ணி பாட்டிலையெல்லாம் திறக்காமலே வச்சிருக்காங்க. நான்தான் தினமும் திறந்து லேசா மூடி வச்சிட்டு வர்றேன்.” முகப்பில் சொல்லியிருக்கலாமே என்றேன். “யாரு கேட்டா?” என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. ஹோட்டலில் விருந்தினரை மிக நன்றாக அறிந்தவர்கள் அவர்களுடைய படுக்கையை விரிப்பவர்களே. ஆனால் அவர்கள் அறிந்தது மேலே வருவதற்கு வழியொன்றை நாங்கள் அமைத்து வைக்கவில்லை.

அந்த வீட்டுமுறையை அப்படியே மெச்சவும் முடியாது. மாலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் போய்ச் சேர வேண்டும். பின்னிரவில் வந்திறங்கும் பயணிக்கு அங்கே கதவு திறக்காது, சாங்கி விமான நிலையத்திலிருந்து அதிகாலை மூன்று மணிக்கு வருபவருக்கும் எங்கள் முகப்பில் ஆள் இருக்கும். மின்தூக்கி இல்லாத அந்தச் செங்குத்தான படியில் என் அம்மாவால் ஏற முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பருவகாலத்தில் தமக்கு விடுப்பே கிடையாது என்று அந்த அம்மையார் சொன்னதை நான் மறக்கவில்லை. ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் விருந்தோம்பலின் முழுச் சுமையும் அந்த ஒருவர் மேல்தான் விழுகிறது. ஷிஃப்ட் முறை எங்களைப் பிரித்தாலும் எங்களை வீட்டுக்கும் அனுப்புகிறது.

இங்கேயும் வீடுகளில் அப்படித் தங்க அனுமதிக்கலாமே என்று சக ஊழியர் ஒருவர் கேட்டார். சிங்கப்பூரில் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விட முடியாது. அந்த விதி சரியானது என்பதே என் கருத்து. மலைச்சரிவில் தனித்து நிற்கும் பண்ணை வீட்டுக்கும், மின்தூக்கியையும் நடைபாதையையும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் அடுக்குமாடிக்கும் உள்ள வேறுபாட்டை அந்த விதி கணக்கில் கொள்கிறது. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வீட்டில் செய்தி நழுவாத முறையைத்தான்.

எனவே காலைக் கூட்டத்தில் ஒரு யோசனையை முன்வைத்தேன். அறைத் துப்புரவாளர்கள் தாங்கள் கவனித்ததை ஓரிரு சொல்லில் எழுத, ஷிஃப்ட் மாற்றக் குறிப்பேட்டில் ஒரு பத்தி ஒதுக்கினோம். தமிழ், சீனம், மலாய், பர்மியம் என எந்த மொழியிலும் எழுதலாம், வேண்டுமானால் படமாகவும் வரையலாம். சில வாரங்களிலேயே பயன் தெரிந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த முதிய தம்பதியர் குளியலறைத் தரையில் துண்டை விரித்து நடப்பதைப் பார்த்த ஒருவர் ‘வழுக்கும் பயம்’ என்று எழுதியிருந்தார். மாலையில் அவர்கள் திரும்பும்போது வழுக்காத விரிப்பு அங்கே கிடந்தது. கேட்காமலே எப்படித் தெரிந்தது என்று அந்த ஐயா முகப்புக்கு வந்து கேட்டார். அறையைத் துப்புரவு செய்தவரின் பெயரைச் சொன்னேன். மறுநாள் அவரை நேரில் பார்த்து நன்றி சொன்ன பிறகே அவர் புறப்பட்டார்.

இரண்டு எதிர்ப்புகள் எழுந்தன. இரண்டிலும் நியாயம் உண்டு. விருந்தினரின் உடல்நிலையை எழுத்தில் வைப்பது 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கவனமாகக் கையாள வேண்டியது என்று அலுவலகம் நினைவூட்டியது. கல்வீட்டு அம்மையார் மனத்தில் வைத்துக்கொண்டதை நாங்கள் தாளில் எழுதுகிறோம். தாளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆகவே நோயின் பெயரை எழுதாமல் செய்ய வேண்டிய உதவியை மட்டும் எழுதுவது, விருந்தினர் புறப்பட்டதும் அந்தப் பக்கத்தை அழிப்பது என்று வரையறுத்தோம். அடுத்த எதிர்ப்பைச் சொன்னவர் துப்புரவுப் பிரிவின் தலைவர். ஒரு ஷிஃப்டில் பன்னிரண்டு அறைகளுக்குமேல் செய்பவரிடம் இன்னும் ஒரு வேலையைச் சேர்க்கிறீர்களே, அதற்கு நேரம் எங்கே என்று கேட்டார்.

அவர் கேட்டதற்கு நேர்மையான பதில், ஆளுக்கு ஓர் அறையைக் குறைப்பதுதான். அதை எழுத்து மூலம் நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். குறிப்புகளைக் கணினியில் வகை பிரித்து ஏற்றினால் போதும், அறையைக் குறைக்கத் தேவையில்லை என்ற பேச்சும் நடக்கிறது. கவனிப்பதற்கு நேரம் தராமல், கவனித்ததைப் பதிவு செய்ய மட்டும் கருவி தருவதை நான் ஏற்கவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் துப்புரவுப் பிரிவின் அக்காவையும் உடன் அழைத்துச் செல்ல அனுமதி கேட்டிருக்கிறேன்; அறைகளின் கணக்கை அவரே எடுத்துச் சொல்வார்.