அண்ணனைப் பிடித்தால் தங்கை கிடைப்பாள்

பழைய அமெரிக்க ஆவணங்களில் ஆள் தேடுவது இப்போது என் பொழுதுபோக்கு. பேரே கேள்விப்படாத ஒருவரை எடுத்துக்கொண்டால், கண்டுபிடித்தது சரியா தப்பா என்று சொல்ல ஆளில்லை. அதனால் கடைசிப் பக்கத்தில் விடை போட்டிருக்கும் கணக்கு மாதிரி, வாழ்க்கை ஓரளவு தெரிந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டேன். அரபெல்லா மேன்ஸ்ஃபீல்ட். ஐயோவாக்காரர். 1869-ல் அமெரிக்காவின் முதல் பெண் வழக்கறிஞராகப் பதிவானவர்.

முதல் நாள் அந்தப் பெயரை அப்படியே ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி தேடும் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். சின்ன வயதுப் பதிவு எப்படி வரும்? 1868-ல் கல்யாணம் ஆகும்வரை அவர் பாப் என்ற குடும்பப் பெயர் கொண்ட வீட்டுப் பெண். கூப்பிடும் பெயரும் அரபெல்லா இல்லை, பெல். பிறப்புச் சான்றிதழும் கிடையாது. ஐயோவாவில் பிறப்பைப் பதியத் தொடங்கியதே 1880-ல்தான். இவர் பிறந்த 1846 மே மாதத்தில் ஐயோவா ஒரு மாநிலமாகக்கூட ஆகவில்லை, அது டிசம்பர் 28-ல்தான்.

சரி, சென்சஸ். வீட்டில் இருக்கும் எல்லோருடைய பெயரையும் எழுதியது 1850-லிருந்துதான். அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். ஊர், பர்லிங்டனுக்குப் பக்கம், டி மோய்ன் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). இங்கே அசட்டுத்தனமாக இரண்டு மாலைகளை வீணாக்கினேன். டி மோய்ன் என்றதும் அதே பெயருள்ள ஐயோவாவின் தலைநகரம் என்று நினைத்து அந்தப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தலைநகரம் இருப்பதோ போல்க் கவுண்டியில். டி மோய்ன் கவுண்டி தென்கிழக்கு மூலையில், மிசிசிப்பி கரையில் கிடக்கிறது.

1850 பட்டியலில் இன்னொரு சங்கடம்: யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதவில்லை. அந்தக் கட்டம் 1880-ல்தான் வருகிறது. ஒரே வீட்டில் ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் இருந்தால் தாயும் பிள்ளைகளும் என்று நாமாகத்தான் ஊகிக்க வேண்டும். அப்பா மைல்ஸ் பாப் தங்கம் தேடி கலிபோர்னியா போனவர், 1852-ல் சுரங்க விபத்தில் இறந்துவிட்டார். பிள்ளைகளின் படிப்புக்கென்று உயிலில் பணம் ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறார், மகளுக்கும் சேர்த்து. அந்தக் காலத்தில் இது சாதாரணம் இல்லை.

வேலை நகர ஆரம்பித்தது அண்ணனைத் தேடத் தொடங்கிய பிறகுதான். வாஷிங்டன் இர்விங் பாப். இப்படி ஒரு பெயர் கூட்டத்தில் தொலையாது. ஆண் என்பதால் கடைசிவரை மாறவும் மாறாது. 1866-ல் அண்ணனும் தங்கையும் மவுண்ட் ப்ளெசன்டில் ஐயோவா வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் பட்டம் வாங்கினார்கள், தங்கை முதலிடம், அண்ணன் இரண்டாமிடம். (பாவம் அண்ணன்.) அந்தப் பல்கலைக்கழகம் 2023-ல் மூடப்பட்டுவிட்டது.

பெல் சட்டம் படித்ததும் அண்ணனோடுதான். வழக்கறிஞராக 21 வயது நிறைந்த ‘வெள்ளை ஆண்’ வேண்டும் என்றது அன்றைய ஐயோவா சட்டம். ஆண்பால் சொல் பெண்ணையும் குறிக்கலாம் என்று இன்னொரு சட்டப் பிரிவைக் காட்டி, நீதிபதி பிரான்சிஸ் ஸ்பிரிங்கர் அனுமதித்தார். அடுத்த வருஷமே அந்த இரண்டு சொற்களையும் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இவ்வளவுக்கும் அப்புறம் அவர் வழக்காடவே இல்லை, ஆசிரியராகத்தான் இருந்தார்.

கணவருக்கு இண்டியானாவில் வேலை கிடைத்து 1879-ல் கிரீன்கேசலுக்குக் குடிபோனார்கள். பிறகு கணவருக்கு மனநலம் குன்றியது. இந்தக் கட்டத்தில் 1890 சென்சஸ் இருந்தால் எவ்வளவோ தெரிந்திருக்கும். 1921-ல் வாஷிங்டனில் பிடித்த தீயில் அது பெரும்பாலும் நாசமாகிவிட்டது. பெல் டிபா பல்கலைக்கழகத்தில் 1893-ல் ஓவியத்துறைக்கும் 1894-ல் இசைத்துறைக்கும் தலைவரானார். 1911-ல் அவர் இறந்தது இல்லினாய் மாநிலம் அரோராவில், அண்ணன் வீட்டில். அடக்கம் மவுண்ட் ப்ளெசன்டில்.

அடுத்தது அம்மா மேரி. கணவர் போன பிறகு இரண்டு பிள்ளைகளோடு மவுண்ட் ப்ளெசன்டுக்கு எப்போது வந்தார் என்று பிடிக்க வேண்டும். 1856-ல் ஐயோவா தனியாக எடுத்த சென்சஸில், மாநிலத்துக்கு வந்து எத்தனை வருஷம் என்று ஒரு கட்டமே இருக்கிறது. டி மோய்ன், மவுண்ட் ப்ளெசன்ட் இருக்கும் ஹென்றி, இரண்டு கவுண்டிப் பக்கங்களையும் திறந்து வைத்திருக்கிறேன். கையெழுத்துதான் படுமோசம்.