14 கிலோவில் எது கொழுப்பு, எது தசை?

சனிக்கிழமை மதியம் மாவு ஆட்டி முடித்தேன். கிரைண்டரின் கல்லைக் கழுவி எடுத்துவிட்டு, மாவோடு பாத்திரத்தைத் தூக்கினேன். இடுப்புக்கு மேலே வந்ததும் இரண்டு கைகளும் நடுங்கத் தொடங்கின. மாவு விளிம்பு வரை வந்து ஆடியது. அவசரமாக மேடையில் வைத்துவிட்டு மகனைக் கூப்பிட்டேன். அவன் வந்து ஒரே தூக்கில் தூக்கிக் கவிழ்த்துவிட்டுப் போனான். பதினைந்து ஆண்டுகளாக வாரம் இரண்டு முறை நான் தூக்கி வந்த பாத்திரம் அது. உடம்பு 78 கிலோ இருந்தபோது தூக்கிய கை, 64 கிலோவுக்கு வந்தபின் தூக்க மறுத்தது.

அது 2023 ஜூன் மாதம். எடை குறைத்ததற்காக எல்லோரும் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்த வாரம்.

எனக்கு அப்போது 47 வயது. உயரம் 157 சென்டிமீட்டர். ஜனவரியில் வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை 118 என்று வந்ததும், எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். காலையில் ஒரு டம்ளர் ராகிக் கூழ். மதியம் ஒரு கரண்டி சோறு, காய்கறி, ரசம். இரவு இரண்டு இட்லி அல்லது ஒரு கொய்யாப்பழம். எண்ணெய் வேண்டாம் என்று மீனையும் முட்டையையும் நிறுத்தினேன். பருப்பு வாயு என்று அதையும் குறைத்தேன். தினமும் ஒரு மணி நேரம் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடந்தேன். ஐந்து மாதத்தில் 14 கிலோ குறைந்தது. சர்க்கரை 98க்கு வந்தது. அந்தப் பலன் உண்மையானது. அதை ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பார்ப்பவர்கள் கேட்ட கேள்வி வேறாக இருந்தது. "சுகர் வந்துவிட்டதா? இப்படி வற்றிவிட்டாயே" என்றார்கள். கன்னம் ஒட்டியிருந்தது. மேல்கையின் அடிப்பகுதி தொளதொளவென்று ஆடியது. வயிறு மட்டும் நான் எதிர்பார்த்த அளவு உள்ளே போகவில்லை. என் அத்தை ஒரு கல்யாண வீட்டில் என் கையைப் பிடித்து அழுத்திப் பார்த்துவிட்டு, "சதையே இல்லையேம்மா, வெறும் தோலும் ஊளையும்தான் இருக்கிறது" என்றார். அந்தச் சொல் எனக்கு வலித்தது. பின்னால் வந்த பரிசோதனைகள் எல்லாம் ஏறக்குறைய அதையேதான் எண்களில் சொல்லின.

முதலில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். வெறுங்காலோடு ஓர் எந்திரத்தின் மேல் ஏறி நிற்கச் சொன்னார்கள். உடலில் 38.4 சதவீதம் கொழுப்பு என்று சீட்டு வந்தது. மறுநாள் காலையில் போனபோது அதே எந்திரம் 35.1 என்றது. ஓர் இரவில் இரண்டு கிலோ கொழுப்பு எங்கே போயிருக்கும் என்று கேட்டேன். பதில் வரவில்லை. 'டோனிங்' என்று தனியாக மூன்று மாதத் திட்டம் இருப்பதாகவும், அரைக் கிலோ எடையை நூறு முறை அசைத்தால் கையில் இருக்கும் ஊளை இறுகிவிடும் என்றும் சொன்னார்கள். பணம் கட்டாமல் திரும்பிவிட்டேன்.

தெளிவு கிடைத்தது ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம். என் மாமியாருக்கு முழங்கால் பயிற்சி கொடுத்தவர். முப்பது வயதுதான் இருக்கும். நான் பரிசோதனைச் சீட்டுகளை நீட்டியபோது அவற்றைப் பார்க்கவே இல்லை. ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டு, "கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை உட்கார்ந்து எழுந்திருங்கள் அக்கா" என்றார். 14 விநாடிக்கு மேல் ஆனது. பிறகு கைப்பிடி வலிமையை அளக்கும் கருவியைக் கையில் கொடுத்து, முடிந்த மட்டும் இறுக்கச் சொன்னார். 15 கிலோ காட்டியது. ஆசியர்களுக்காக 2019இல் வகுத்த அளவுகோலின்படி, பெண்களுக்குப் பிடி வலிமை 18 கிலோவுக்குக் கீழே இருந்தாலும், ஐந்து முறை எழுந்திருக்க 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும் தசை பலவீனத்தைச் சந்தேகிக்க வேண்டும். எனக்கு இரண்டுமே பொருந்தின. 47 வயதில்.

"குறைந்த 14 கிலோவும் கொழுப்பு என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றுதான் நினைத்திருந்தேன். உணவை மட்டும் குறைத்து, தசைக்கு வேலை கொடுக்காமல் இளைத்தால், குறையும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு கொழுப்பில்லாத பகுதியிலிருந்து போகக்கூடும் என்று விளக்கினார். புரதம் மிகக் குறைவாக இருந்தால் இழப்பு இன்னும் கூடும். "நடந்தேனே" என்றேன். நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. ஆனால் கைக்கும் முதுகுக்கும் அதில் வேலையே இல்லை என்றார்.

உடற்பயிற்சிக் கூடத்து எந்திரத்தின் குழப்பத்தையும் அவர்தான் தீர்த்துவைத்தார். அந்த எந்திரம் கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. உடலுக்குள் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, அதற்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று பார்க்கிறது. நீர் நிறைந்த தசையில் மின்சாரம் எளிதாகப் பாயும், கொழுப்பில் பாயாது. தண்ணீர் குடித்தது, வியர்த்தது, சாப்பிட்டது எல்லாம் கணக்கை மாற்றிவிடும். ஒரே நேரத்தில், ஒரே நிலையில் மாதக்கணக்காக அளந்தால் போக்கு தெரியும். ஒரு நாள் எண்ணுக்கு மதிப்புக் குறைவு.

துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் டெக்ஸா ஸ்கேன் எடுக்கலாம் என்றார். எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் அதே ஸ்கேன்தான். முழு உடலுக்கும் எடுக்கும் வசதி எல்லா இடத்திலும் இல்லை. மதுரைக்குப் போய் எடுத்தேன். அசையாமல் படுத்திருக்க, மேலே ஒரு கை மெதுவாக நகர்ந்து போனது. இரண்டு வெவ்வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே கதிர்களை எலும்பும் கொழுப்பும் மற்ற மென்திசுவும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதை வைத்து மூன்றையும் பிரித்துக் கணக்கிடுகிறது. 64 கிலோவில் கொழுப்பு 26.2. எலும்பு 2. மீதி 35.8 கிலோ கொழுப்பில்லாத திசு. அதில் உள்ளுறுப்புகளும் நீரும் அடக்கம் என்பதால் முழுவதும் தசை என்று எடுத்துக்கொள்ள முடியாது. 14 கிலோ இளைத்த பிறகும் என் உடலில் 41 சதவீதம் கொழுப்பு. 78 கிலோவில் இருந்தபோதே இந்த ஸ்கேனை எடுத்திருந்தால் எவ்வளவு தசையை இழந்தேன் என்று கணக்குத் தெரிந்திருக்கும். அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு வந்தேன். நம் ஊர் உடம்பைப் பற்றிப் படித்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வெளியானது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு (உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. எண்) ஒன்றே, 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்தியர்களுக்கு இந்தக் குறியீடு 23ஐத் தாண்டினாலே அதிக எடை என்றும், பெண்களுக்கு இடுப்புச் சுற்று 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும் வரம்பைக் குறைத்து வைத்திருப்பதன் காரணம் இதுதான். எனக்கு அன்று இடுப்பு 92. எடை எந்திரத்தை மட்டும் நம்பி ஐந்து மாதம் ஓட்டியிருக்கிறேன்.

'டோன்' என்ற சொல்லைப் பற்றியும் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டேன். என் கெண்டைக்கால் தசையைத் தளர்வாக விடச் சொல்லி, விரலால் அமுக்கிக் காட்டினார். ஓய்வில் இருக்கும்போதும் தசை முழுக்கத் துவண்டுவிடுவதில்லை. மெல்லிய இறுக்கம் ஒன்று அதில் எப்போதும் இருக்கும். அதற்கு நரம்பின் தொடர்பு முக்கியம். மருத்துவத்தில் டோன் என்பது அதுதான். பக்கவாதம் வந்தவர்களுக்கு அது மாறிப்போகும். கை துவண்டு விழும் அல்லது விறைத்துக்கொள்ளும். "உங்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை அக்கா. உங்கள் கை தொங்குவதற்குக் காரணம், உள்ளே தசை சிறுத்துவிட்டது, மேலே கொழுப்பு மிச்சம் இருக்கிறது, தோல் பழைய அளவிலேயே இருக்கிறது" என்றார். கொழுப்பு இறுகித் தசையாக மாறாது. இரண்டும் வேறு வேறு திசு. கையை மட்டும் ஆட்டிக் கையின் கொழுப்பை மட்டும் கரைக்கவும் முடியாது. தசையை வளர்ப்பது, மொத்தக் கொழுப்பைக் குறைப்பது என்ற இரண்டு வேலைகள்தான் உண்டு. உடம்பு 'இறுக்கமாக' தெரிவது அந்த இரண்டும் நடந்த பிறகு.

சமையலறையிலிருந்து தொடங்கினேன். பழைய சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 30 கிராம் புரதம்கூடத் தேறவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம். தசையைக் காத்துக்கொண்டு இளைக்க வேண்டியவர்களுக்கு அது போதாது என்று, சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, உணவியல் நிபுணர் எனக்கு 1.2 கிராம் வைத்தார். நாளுக்கு 75 கிராமுக்கு மேல். காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். மதியம் மீன் குழம்பு. நூறு கிராம் மீனில் 20 கிராம் அளவு கிடைக்கும். மீன் இல்லாத நாளில் பனீர். மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவில் இட்லிக்குப் பதிலாக, அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டி அரைத்த அடை. கூடவே தயிர், பால். முதல் பத்து நாள் வயிறு நிறைந்து திணறியது. பிறகு ஆறு மணிக்கு வரும் பசி மயக்கம் நின்றுவிட்டது.

பயிற்சி வாரத்துக்கு மூன்று நாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், ரப்பர் பட்டையை மார்புக்கு இழுப்பது. நம் தாத்தாக்கள் பஸ்கி, தண்டால், கர்லாக்கட்டை என்று செய்ததுதான். பெண்கள் கனம் தூக்கினால் உடம்பு ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடும் என்று என் அம்மா பயந்தார். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்குப் பெண்களும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள் என்று அவருக்கு நினைவூட்டினேன். முக்கியமான விதி ஒன்றே ஒன்று: எளிதாகிவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும். இரண்டு கிலோவில் தொடங்கி ஐந்து, எட்டு என்று போய், கடைசியில் 10 கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது வரை வந்தேன்.

மூன்றாவது வாரம் எடை 1.2 கிலோ கூடியது. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் விட்டுவிட்டு ஓடும் இடம் இது. அன்று இரவு சாப்பிடாமல் படுத்தேன். முட்டையை நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன். மறுநாள் பிசியோதெரபிஸ்ட்டிடம் போனில் அழாத குறையாகச் சொன்னேன். புதிதாக வேலை செய்யும் தசையில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு ஆறும்போது அங்கே நீர் சேரும் என்றார். தசை தனக்குள் சேமிக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து ஒரு கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடியது கொழுப்பாக இருக்க வேண்டுமென்றால் மூன்று வாரத்தில் எவ்வளவு அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று கணக்கும் போட்டுக் காட்டினார். எடை எந்திரத்தைப் பரணில் ஏற்றிவிட்டு இரண்டு மாதத்துக்கு இறக்கக் கூடாது என்றார். ஏற்றினேன். அதன் இடத்தில் ஓர் அளவு நாடா வந்தது.

அளவு நாடா என்றால், அதை என்னைவிட நன்றாகக் கையாள்பவர் எங்கள் தெருவின் ரவிக்கை தைக்கும் அக்கா. அவரிடம் பல ஆண்டுகளாக ஒரே நோட்டில் என் அளவுகள் இருக்கின்றன. 2022 தீபாவளி: ரவிக்கையின் இடுப்பு (மார்புக்குச் சற்றுக் கீழே எடுக்கும் அளவு) 34, கைச்சுற்று 13½ அங்குலம். 2023 ஜூன்: இடுப்பு 31½, கைச்சுற்று 11. அப்போது எல்லா ரவிக்கையையும் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். டிசம்பரில் ஒரு ரவிக்கையைப் போட்டபோது இடுப்பில் தளர்ந்தது, கையில் பிடித்தது. அவரிடம் கொண்டுபோனேன். கைத் தையலைப் பிரித்துக்கொண்டே, "இடுப்பு குறைகிறது, கை கூடுகிறது, இப்படி ஒருத்தருக்கும் பார்த்ததில்லை" என்றார். அந்த ஒரு வரியில் நான் அடைந்த நிம்மதியை எந்த எந்திரமும் கொடுத்ததில்லை.

2024 ஏப்ரலில் மதுரைக்கு மறுபடி போனேன். எடை 63.2 கிலோ. ஒன்பது மாத உழைப்புக்கு எந்திரத்தில் குறைந்தது 800 கிராம்தான். ஆனால் கொழுப்பு 26.2இலிருந்து 23க்கு வந்திருந்தது. கொழுப்பில்லாத திசு 35.8இலிருந்து 38.2க்குப் போயிருந்தது. இடுப்பு 85. பிடி வலிமை 21 கிலோ. நாற்காலியில் ஐந்து முறை எழ 9 விநாடி. 80 சென்டிமீட்டருக்கு இன்னும் தூரம் இருக்கிறது. மேல்கையின் அடியில் தோல் இன்னும் கொஞ்சம் மடிந்துதான் கிடக்கிறது. இந்த வயதில் அது முழுதும் உள்வாங்காமல் போகலாம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அதற்குள் இப்போது கையை மடக்கினால் ஒரு திரட்சி எழுந்து வருகிறது. சனிக்கிழமைகளில் மாவுப் பாத்திரத்தை நானே தூக்குகிறேன்.

மகனின் கல்லூரி விழாவுக்காகப் போன வாரம் புது ரவிக்கை ஒன்று தைக்கக் கொடுத்தேன். அக்கா நாடாவைச் சுற்றிப் பார்த்து, கைச்சுற்று 11¾ என்று நோட்டில் எழுதினார். உள்தையலில் எந்தப் பக்கம் துணி அதிகம் விடட்டும் என்று கேட்டார். கைப்பக்கம் விடச் சொன்னேன்.