செப்ரைட் கோழியின் பூவைப் பார்க்காமல் விட்டேன்

சந்தையில் அந்த ஆள் ஆறு குஞ்சுகளையும் அட்டைப்பெட்டியில் போட்டு, "மூணு ஜோடிங்க, எல்லாம் பேண்டம்" என்று சொல்லி ஆயிரத்து எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். ஒன்றரை மாதக் குஞ்சில் ஜோடியை எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்க அப்போது எனக்குப் புத்தி போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தைதான் கேட்டார்.

முதலில் என்ன ஜாதி என்பதே குழப்பம். பேண்டம் என்பது ஜாதி இல்லை, உருவத்தில் சிறிய கோழிக்கு வைத்த பொதுப்பெயர். ஜாவாத் தீவில் பாண்டன் என்றொரு பழைய துறைமுகம் உண்டு, அதிலிருந்து வந்த பெயர். இந்த ஊர்ப்பெயர்களை நம்ப முடியாது. கொச்சின் என்று கூப்பிடும் கோழியும் நம் கொச்சிக்குச் சொந்தமில்லை, சீனத்துக் கோழி.

இரண்டு குஞ்சுகளைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. இறகு இறகாகவே இல்லை, பிரித்த இலவம்பஞ்சு மாதிரி. தூக்கிப் பார்த்தால் தோல் கருப்பு, காலில் ஐந்து விரல். சில்கி. இன்னும் இரண்டுக்குக் கால் முழுக்க இறகு, விரல் வரை. விற்றவர் கொச்சின் என்றார். காலில் இறகு இருந்தாலே இங்கே கொச்சின்தான். ஆனால் பெல்ஜியத்து டியூக்கிளுக்கும் காலில் இறகு உண்டு. அதற்குக் கன்னத்திலும் தாடையிலும் தாடி மாதிரி இறகு புசுபுசுவென்று நிற்கும். இவற்றுக்குத் தாடி இல்லை, உடம்பு பந்து. சரி, கொச்சின்தான். கடைசி இரண்டும் வெள்ளை இறகு, ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் மை தொட்டு வரைந்த மாதிரி கருப்புக் கோடு. வெள்ளி செப்ரைட்.

பக்கத்து வீட்டு அண்ணன் வந்து, பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கினால் பெட்டை காலை மடக்கும், சேவல் தொங்கவிடும் என்றார். தூக்கினோம். ஆறும் காலை மடக்கின. "அப்ப உங்களுக்கு முட்டைக்குப் பஞ்சமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொச்சின் சிரமமே தரவில்லை. எட்டாவது வாரத்தில் ஒன்றுக்குப் பூ, அதாவது தலைக் கொண்டை, சிவந்து, அலகுக்குக் கீழே சதைத் தாடியும் தொங்க ஆரம்பித்தது. இன்னொன்றுக்குப் பூ வெளிறிய மஞ்சளாகவே இருந்தது. மூன்றாம் மாதத்தில் சிவந்த பூக்காரனுக்கு வால் தொடங்கும் இடத்தில் கூர் கூராக மினுமினுப்பான இறகு இறங்கியது. பெட்டைக்கு அந்த இடத்து இறகு முனை உருண்டையாக இருக்கும். பூ ஏமாற்றலாம், கால் தடிமன் ஏமாற்றலாம், இந்த இறகு ஏமாற்றாது என்று எங்கோ படித்து மனதில் நன்றாகப் பதித்து வைத்திருந்தேன்.

அதை வைத்துத்தான் செப்ரைட்டில் மாட்டினேன். மூன்று மாதம் முடிந்தும் இரண்டுக்குமே கூர் இறகு வரவில்லை. வாலில் அரிவாள் மாதிரி வளையும் இறகும் இல்லை. இரண்டும் விடைக்கோழி, அதாவது இன்னும் முட்டை வைக்காத இளம் பெட்டை, என்று நோட்டில் எழுதிவிட்டேன். அத்தை மட்டும், "இறகு கெடக்குது கண்ணு, பூவப் பாரு. இதுக்கு அகலமா இருக்குது. சாவலேதான்" என்றார். நாட்டுக்கோழி கணக்கு இதற்கெல்லாம் சரிவராது அத்தை என்று நான் சொன்னதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பத்து நாள் கழித்து ஒரு விடியலில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று என் விடைக்கோழி கூவியது. குரல் இன்னும் உடையாமல், ஆணியைத் தகரத்தில் கீறுகிற மாதிரி.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். செப்ரைட் சேவலுக்குப் பெட்டையின் இறகுதான் வரும், அந்த ஜாதியின் அடையாளமே அது. இங்கிலாந்தில் ஜான் செப்ரைட் என்பவர் 1800களின் தொடக்கத்தில் பல கோழிகளைக் கலந்து அப்படித்தான் உருவாக்கினார். அதன் தோலில் ஆண் ஹார்மோன் பெண் ஹார்மோனாக மாறிவிடுகிறது, அதனால் இறகு பெட்டை மாதிரியே முளைக்கிறது. காயடித்துவிட்டால் அதே கோழிக்குச் சேவல் இறகு வருமாம்! ஜாதி தெரியாமல் ஆணா பெண்ணா என்று பார்க்க இறங்கினால் என் நோட்டு மாதிரிதான் ஆகும்.

சில்கிக்கு இப்போது ஐந்து மாதம். பஞ்சு இறகில் கூர் எங்கே தேடுவது? தலைக்குடுமியைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பெட்டைக்குப் பூப்பந்து மாதிரி உருண்டையாக நிற்கும், சேவலுக்கு நடுவிலிருந்து சில இழைகள் பின்னோக்கி நீளும். ஒன்றுக்கு இழை நீண்டுவிட்டது, பூவும் கருஞ்சிவப்பாகப் பருத்துவிட்டது. இன்னொன்று காலையில் பந்தாகத் தெரிகிறது, மழையில் நனைந்து வந்தால் இழையாகத் தெரிகிறது.

நேற்று ஒருவர் சில்கி ஜோடிக்கு விலை கேட்டு வந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே அத்தை சொல்லிவிட்டார்: "ஒண்ணு முட்ட வெக்கட்டும், இல்லீனா கூவட்டும். அப்புறம் வாங்க சாமி."