ஒரு ரோமானியச் செப்புக்காசுக்கு விலாசம் கண்டுபிடித்த கதை

தெரிந்த தம்பி ஒருவர் வெளிநாட்டு ஏலத்தில் வாங்கிய ரோமானியக் காசுகளை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, "அண்ணா, ஒவ்வொண்ணுக்கும் சரியான சீட்டு எழுதித் தாங்க" என்றார். எல்லாம் பிற்காலத்துச் சின்னச் செப்புக்காசுகள். விற்றவர் ஒட்டியிருந்த சீட்டுகளில் பெரும்பாலும் ஒரே வரிதான்: 'கான்ஸ்டான்டைன், 4ஆம் நூற்றாண்டு'. ஒன்றில் மட்டும் 'கான்ஸ்டான்டிநோபிள் அக்கசாலை', அதாவது இன்றைய இஸ்தான்புல்லில் காசு அடித்த இடம், என்று கூடுதலாக இருந்தது. அந்த ஒரு காசைப் பற்றித்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன். அரசர் யார், அடித்த ஊர் எது என்ற இரண்டு கேள்விக்குமே அதில் வேலை இருந்தது.

முதலில் ஒன்று: காசைத் தேய்க்காதீர்கள். நம் வீடுகளில் செம்பு என்றாலே புளியைத் தேடும் பழக்கம் உண்டு. பச்சையாகவோ பழுப்பாகவோ படிந்திருக்கும் அந்த மேல்பூச்சில்தான் தேய்ந்த எழுத்தின் விளிம்பு பிழைத்திருக்கிறது. புளி அதையும் தின்றுவிடும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்தால் போதும். எனக்கு வேண்டியிருந்தது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நகைக்கடைத் தராசு, ஒரு டார்ச். டார்ச்சை மேலிருந்து அடிக்கக் கூடாது. பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேசையோடு படுக்கவைத்து, காசை மெதுவாகச் சுழற்ற வேண்டும். நேர் வெளிச்சத்தில் மொட்டையாகத் தெரியும் இடத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும்.

பலரும் அரசரின் முகத்தில் ஆரம்பிக்கிறார்கள். இந்தக் காலத்துக் காசுகளில் முகம் பெரிதாக உதவாது. ஆளைப் பார்த்துச் செதுக்கிய முகங்கள் அல்ல அவை. அப்பாவும் மகன்களும் ஒரே ஜாடையில்தான் இருப்பார்கள். நான் பின்புறத்தில் ஆரம்பிப்பேன். இந்தக் காசின் பின்புறத்தில் ஈட்டியும் கேடயமுமாக இரண்டு வீரர்கள், நடுவில் இரண்டு படைக்கொடிகள், சுற்றிலும் 'குளோரியா எக்ஸெர்சிடஸ்', அதாவது படையின் பெருமை. கான்ஸ்டான்டைன் குடும்பத்துக் காசுகளில் அடிக்கடி கண்ணில் படும் வகை இது. இதில் பார்க்க வேண்டியது கொடிகளின் எண்ணிக்கை. இரண்டு கொடி என்றால் 330 முதல் 335 வரை. அதற்குப் பிறகு காசின் எடையைக் குறைத்தார்கள், கொடியும் ஒன்றானது. தராசில் வைத்தால் இரண்டு கிராமுக்குச் சற்று மேல் காட்டியது. ஒற்றைக்கொடிக் காசு பொதுவாக ஒன்றரை கிராம் சுற்றித்தான் வரும். படமும் எடையும் ஒத்துப்போயின. ஒரு எழுத்துகூடப் படிக்காமலே ஐந்தாறு ஆண்டுக்குள் வந்து நின்றாகிவிட்டது.

சரி, முன்புறம். எழுத்து இடப்பக்கம் கீழே, கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில் தொடங்கி வலமாகச் சுற்றி வரும். 'கான்ஸ்டான்' வரை நன்றாகவே இருந்தது, அதற்கப்புறம் தேய்ந்துபோயிருந்தது. இந்தக் குடும்பத்தில் இதுதான் பெரிய தொல்லை. கான்ஸ்டான்டைன், அவர் மகன்கள் இரண்டாம் கான்ஸ்டான்டைன், இரண்டாம் கான்ஸ்டான்டியஸ், கான்ஸ்டான்ஸ் என்று எல்லார் பெயரும் ஒரே மாதிரி தொடங்கும். அதனால் பெயரின் நடுவில் மல்லுக்கட்டாமல் கடைசிக்குப் போனேன். முடிவில் 'நோப் சி' தெளிவாக இருந்தது. மேன்மைமிகு சீசர் என்ற பட்டம் அது. அரியணைக்கு அடுத்த நிலையில் இருக்கும் இளவரசருக்கு உரியது. அப்பாவின் காசில் 'மேக்ஸ் ஆக்' என்று, பேரரசருக்கான அகஸ்டஸ் பட்டம் வரும். தலையிலும் சாட்சி இருந்தது. 330க்குப் பிந்தைய காசுகளில் அப்பாவுக்குப் பெரும்பாலும் மணிகள் பதித்த தலைப்பட்டை இருக்கும், இதில் இலைமாலை. ஆக, இவர் மகா கான்ஸ்டான்டைன் இல்லை, மகன்களில் ஒருவர்.

எந்த மகன்? 'நோப்' என்பதற்கு முன்னால் டார்ச்சைச் சுற்றிச் சுற்றி அடித்ததில் 'வி', 'என்' என்ற இரண்டு எழுத்துகள் மேலெழுந்தன. 'ஐவிஎன்' என்பதன் கடைசி இரண்டும் அவை. லத்தீனில் அன்று 'யு' தனி எழுத்தாக இல்லை, 'வி'தான். ஆகவே அது 'யுன்', இளையவர் என்பதன் சுருக்கம். அப்பா பெயரையே வைத்துக்கொண்ட இரண்டாம் கான்ஸ்டான்டைனுக்குத்தான் அந்த அடைமொழி வேண்டியிருந்தது. தம்பி கான்ஸ்டான்டியஸின் காசில் பெயருக்கு முன்னால் 'எஃப்எல் ஐவிஎல்' (ஃபிளாவியஸ் ஜூலியஸ் என்பதன் சுருக்கம்) என்று வரும்; இதில் தொடக்கமே 'சி'. இரண்டு பக்கமும் அடைபட்டுவிட்டது. 317இல் குழந்தையாக இருக்கும்போதே சீசர் ஆனவர், 340இல் கடைசித் தம்பி கான்ஸ்டான்ஸோடு மோதி இத்தாலியின் அக்விலேயா அருகே உயிரைவிட்டவர், அவர்தான் இவர்.

அப்புறம் ஊர். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். வீரர்களின் காலடியில் ஒரு கோடு, அதற்குக் கீழே அக்கசாலையின் குறி. 'சிஓஎன்எஸ்' படிக்க முடிந்தது. அதை மட்டும் பார்த்துத்தான் விற்றவர் கான்ஸ்டான்டிநோபிள் என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் பிரான்சின் தெற்கே இருக்கும் ஆர்ல் நகருக்கும் அந்தக் காலத்தில் கான்ஸ்டான்டினா என்று பெயர் மாற்றியிருந்தார்கள். அங்கே அடித்த காசிலும் 'கான்ஸ்ட்' என்றே வரும். அக்கசாலைக்குள் எந்தப் பட்டறை அடித்தது என்று காட்டும் எழுத்து எங்கே நிற்கிறது என்பதுதான் வித்தியாசம். ஆர்லில் 'பி', 'எஸ்' என்று லத்தீன் எழுத்து முன்னால் நிற்கும். கான்ஸ்டான்டிநோபிளில் கிரேக்க எழுத்து பின்னால் வரும். அதில் மூன்றாம் பட்டறைக்கு உரிய காமா ஒரு நெட்டைக்கோடு, அதன் உச்சியிலிருந்து வலப்பக்கம் மட்டும் போகும் குறுக்குக்கோடு. தேய்ந்த காசில் ஆர்லின் 'டி'யும் இந்தக் காமாவும் ஒன்றுபோலவே கிடக்கும்.

நம் காசிலும் கடைசி எழுத்து அப்படித்தான் இருந்தது. லென்ஸில் பார்த்தால் குறுக்குக்கோடு இடப்பக்கமும் கொஞ்சம் நீண்டது போலிருந்தது, ஆனால் அந்த இடத்தில் ஒரு சிறு அரிப்புக்குழியும் இருந்தது. அதை நம்பி ஊரை எழுத எனக்கு மனம் வரவில்லை. 'சி'க்கு முன்னால் தேடினேன். விளிம்போரம் ஒரு நெட்டைக்கோடு, உச்சியில் சின்ன வளைவு: 'பி'. இரண்டு கொடிகளுக்கு நடுவில் மண்கட்டி என்று நினைக்கத் தோன்றும் ஒரு வட்டம். ஊறவைத்து எடுத்தபின் அது இலைவளையம் என்று தெரிந்தது. ஆர்ல் அக்கசாலை இந்த வகைக் காசில் கொடிகளுக்கு நடுவே போட்ட குறிகளில் அதுவும் ஒன்று. 'பி', வளையம், 'டி' மூன்றும் ஒரே ஊரைச் சொல்லின. கான்ஸ்டான்டிநோபிளின் போஸ்போரஸ் கரையில் இருந்த காசு ஆர்லின் ரோன் ஆற்றங்கரைக்குப் போய்விட்டது.

பட்டியல் எண் தேடுவது கடைசி வேலை. ரோமானியப் பேரரசு நாணயங்களுக்கான பெரிய பட்டியலின் ஏழாம் தொகுதி 313 முதல் 337 வரை உள்ளதைச் சொல்கிறது. அது ஊர்வாரியாக அடுக்கப்பட்டிருப்பதால் ஊர் தெரியாமல் உள்ளேயே நுழைய முடியாது. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் ஓக்ரே தளத்தில் அதே எண்களை இலவசமாகத் தேடலாம். படத்தோடு அச்சு அசலாக ஒத்துப்போகிறதா என்று பார்க்காதீர்கள். அச்சுகள் கையால் வெட்டியவை; மூக்கும் கழுத்தும் மாறும். எழுத்து, தலைமாலை, நடுக்குறி, காலடிக்குறி நான்கும் ஒத்தால் போதும்.

டப்பாவில் எல்லாக் காசுக்கும் இவ்வளவு தூரம் போக முடியவில்லை. வெற்றித்தேவதை ஒரு கைதியை இழுத்துப்போகும் குட்டிக் காசு ஒன்று இருந்தது. 'சாலஸ் ரெய்புப்ளிகே', அதாவது நாட்டின் நலம் என்று எழுதிய வகை, 388க்குப் பிந்தையது. தியோடோசியஸ், ஆர்கேடியஸ், ஹோனோரியஸ் என்று பலர் பெயரில் வந்த வகை அது. பெயர் இருந்த பக்கம் வழவழவென்று இருந்தது. சீட்டில் வகையையும் காலத்தையும் மட்டும் எழுதி, அரசர், ஊர் இரண்டுக்கும் நேரே 'படிக்க இயலவில்லை' என்று போட்டேன். தம்பிக்கு முகம் சுருங்கியது. தெரிந்ததைப் போல ஒரு பெயரை எழுதிவைத்தால் அடுத்து வாங்குபவர் அதையே நம்புவார் என்று சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த 4, 5ஆம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக்காசுகளிலும் இதே சிக்கல் உண்டு; பல காசுகள் மிகவும் தேய்ந்தவை. நம் பக்கத்து வெள்ளிக்காசுப் புதையல்கள் அந்த அளவுக்குக் கஷ்டமில்லை. அகஸ்டஸ், டைபீரியஸ் இருவரின் ஓரிரு வகைகளே அவற்றில் திரும்பத் திரும்ப வரும், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்துப் பழகினால் கை வந்துவிடும். செப்புக்காசுகளுக்குத்தான் பொறுமை வேண்டும். அவற்றில் அரசர் பெயரைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கிடைத்த இடம். தம்பியின் காசுகளுக்கு அந்தத் தகவல் ஏலத்திலேயே அறுந்துபோய்விட்டது. சீட்டில் அந்த வரியையும் வைத்து, 'தெரியாது' என்று எழுதிக் கொடுத்தேன்.