ஃபயர்வாலைச் சுற்றி வந்த புழு

2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாம்மர் என்னும் கணினிப் புழுவின் (கணினிக்குக் கணினி தானாகவே பரவும் தீய நிரலின்) மொத்த அளவே 376 பைட்டுகள்தான். மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் என்னும் தரவுத்தள மென்பொருளில் இருந்த ஒரு பிழையை, 1434ஆம் போர்ட்டுக்கு (கணினிக்குள் தரவு நுழையும் எண்ணிட்ட வாசலுக்கு) அனுப்பிய ஒரே யூடிபி பாக்கெட்டின், அதாவது ஒரு சிறு தரவுப் பொட்டலத்தின், மூலம் பயன்படுத்திக்கொண்ட அது, பத்தே நிமிடங்களில், அந்தப் பிழை திருத்தப்படாமல் இருந்த கணினிகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தைப் பிடித்துவிட்டது. வட்டில் எதையும் எழுதாமல் நினைவகத்திலேயே குடியிருந்ததால், கணினியை அணைத்துப் போட்டாலே அது மறைந்துவிடும். ஆனால் பேட்ச் (பிழையைத் திருத்தும் மென்பொருள் துண்டு) போடாமல் மறுபடி இணைத்தால் உடனே திரும்பி வந்துவிடும். அந்தப் பேட்ச்சோ 2002 ஜூலையிலேயே வெளியாகியிருந்தது.

பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏடிஎம்கள் முடங்கியதைத்தான் பலரும் குறிப்பிடுவார்கள். எனக்கோ ஒஹையோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் நடந்ததுதான் அதிகக் கவலை தருகிறது. அங்கே, வெளியிலிருந்து வரும் தரவை வடிகட்டும் ஃபயர்வால் அந்தப் போர்ட்டை ஒழுங்காகவே தடுத்து வைத்திருந்தது. ஆனால், ஒப்பந்ததாரர் ஒருவரின் நெட்வொர்க்கிலிருந்து வந்த டி1 என்னும் தனித் தொலைத்தொடர்பு இணைப்பு ஒன்று, ஃபயர்வாலைத் தொடாமலேயே நிறுவனத்தின் உள் நெட்வொர்க்கில் சேர்ந்திருந்தது. அவ்வழியே நுழைந்த புழு, அலுவலக நெட்வொர்க்கைக் கடந்து, பேட்ச் போடப்படாத ஒரு சர்வர் வாயிலாக நிலையத்தின் நெட்வொர்க்கையும் அடைந்தது. பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் அமைப்பு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செயலிழந்து கிடந்தது.

பேட்ச் போடாத பொறியாளரைக் குறை சொல்வது எளிது. இப்படியொரு இணைப்பை அனுமதித்துவிட்டு அதை எந்த வரைபடத்திலும் கண்காணிக்காத நிர்வாகத்தின் பிழையே பெரிது என்பேன். அணு உலை 2002 பிப்ரவரியிலிருந்தே நிறுத்தப்பட்டிருந்ததால், அன்று ஆபத்து ஏதும் நேரவில்லை.