லிவீவில் என் சட்ஜம் தொலைந்த கதை

2013 செப்டம்பரில் டாக்டருக்குப் படிக்க உக்ரேனின் லிவீவ் நகருக்குப் போனபோது என் பெட்டியில் பருப்புப்பொடி, இரண்டு ஸ்வெட்டர், ஒரு எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டி இருந்தன. கும்பகோணத்தில் ஏழு வருடம் பாட்டு டீச்சரிடம் கற்றிருந்தேன். வர்ணங்கள், கொஞ்சம் கீர்த்தனைகள், கோயில் கச்சேரி இரண்டு. அவ்வளவுதான் என் சங்கீதம்.

ஹாஸ்டலில் சுருதி போட்டால் பக்கத்து அறையிலிருந்து சுவரைத் தட்டுவார்கள். இந்த விஷயம் எங்களுக்கு உக்ரேனிய மொழி சொல்லிக்கொடுத்த ஆசிரியை காதுக்குப் போனது. இரண்டாம் வருடம் தொடங்கியதும் ஒரு நாள் முகவரி எழுதிய சீட்டை நீட்டினார். ஓபராவில் சோப்ரானோவாக, அதாவது பெண்களின் மிக உயர்ந்த குரல் வகையில், பாடி ஓய்வு பெற்றவர், வீட்டில் ஒன்றிரண்டு பேருக்குச் சொல்லித்தருகிறார், போய்ப் பார் என்றார்.

லிவீவில் வயதில் பெரிய பெண்களைப் ‘பானி’ என்று மரியாதையாக அழைப்பார்கள், பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். பெயர் வெளியே வருவதை அவர் விரும்பமாட்டார், அதனால் இங்கேயும் பானிதான். நான் போனில் "பானி, பானி" என்று பேசும்போதெல்லாம் என் ராஜஸ்தான் ரூம்மேட் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டுவாள். ஐந்து வருடமும் அந்த ஜோக் அவளுக்குச் சலிக்கவில்லை.

முதல் நாள் ஏதாவது பாடு என்றார். ஐந்து கட்டைச் சுருதியில் மோகன வர்ணம் பாடினேன். பானி கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். "காது ரொம்ப நன்றாக இருக்கிறது. குரல் எங்கே?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஊரில் எல்லாரும் புகழ்ந்ததே என் குரலைத்தானே. அவர் பியானோவில் ஒரு சுரத்தைத் தட்டி, இங்கே பாடு என்றார். என் மேல் பஞ்சமம். எட்டிப் பிடித்தேன். அதற்கு மேலே, அதற்கும் மேலே என்று தட்டிக்கொண்டே போனார். நான் கத்தினேன், பிறகு இருமினேன். கர்நாடக சங்கீதத்தில் ஐந்து கட்டைப் பெண் குரல் வழக்கமாக முடிகிற அந்த மேல் பஞ்சமத்துக்கு மேலே இன்னும் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஒரு ‘ஸா’விலிருந்து அடுத்த ‘ஸா’வரை உள்ள தூரம்) சோப்ரானோவுக்கு வேண்டும். அதையும் மைக் இல்லாமல், ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேட்கும்படி.

வாரத்தில் இரண்டு நாள் வரச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: "நான் சொல்கிறவரை பாட்டு எதுவும் பாடக்கூடாது." அந்த ‘சொல்கிறவரை’ ஏழு மாதம் ஆகும் என்று அப்போது தெரியாது.

மூச்சில் ஆரம்பித்தோம். தரையில் படுக்கச் சொல்லி வயிற்றின் மேல் தடிமனான ஓர் அகராதியை வைத்தார். பிறகு எழுந்து நின்று, என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் விலாவில் வைத்துக்கொண்டார். மூச்சை இழுத்தார். அறுபத்தேழு வயது விலா குடை மாதிரி விரிந்தது. பிறகு நீளமாக ஒரு சுரம் பாடினார். காற்று போய்க்கொண்டே இருக்கிறது, விலா மூடவில்லை. அதற்கு ‘ஒபோரா’ என்று பெயர், ஊன்றுகோல் போல. இதை உதரவிதானம், விலா இடைத்தசைகள் என்று அனாடமியில் அப்போதுதான் படித்திருந்தேன். லத்தீனில் அத்தனை பெயரையும் ஒப்பித்தேன். "உனக்கு அவற்றின் பெயர் தெரிகிறது. அவற்றுக்குத்தான் உன்னைத் தெரியவில்லை" என்றார்.

அடுத்தது ‘ரொஸ்பிவ்கா’. குரலைச் சூடுபடுத்தும் பயிற்சி. ஐந்து சுரம் மேலே, ஐந்து சுரம் கீழே, நம் சரளி வரிசையின் பாதி. இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு முறை முடிந்ததும் பியானோ அரைக் கட்டை ஏறும். மறுபடி ஐந்து சுரம், மறுபடி அரைக் கட்டை. அடிச்சுரமான சட்ஜம், அதாவது ‘ஸா’, ஓர் இடத்தில் நிற்கவே நிற்காது. தம்புராவுக்குப் பழகிய காதுக்கு இது தரை நகர்கிற மாதிரி. நான்காவது முறையிலேயே எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் முழிப்பேன். ஹாஸ்டலுக்கு வந்து சுருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். மூன்று வாரம் அதோடு ‘ஸா’ சேர்த்துப் பாடவே பயமாக இருந்தது. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "இருக்கிறதையும் தொலைச்சிட்டு வராதடி" என்றாள்.

இதற்கு நடுவில் கொட்டாவி. தொண்டைக்குள் இடம் உண்டாக வேண்டும், குரல்வளை கீழே இறங்க வேண்டும் என்பதற்காகப் பாதிக் கொட்டாவியில் நிறுத்திப் பாடச் சொல்வார். இரவெல்லாம் உயிர்வேதியியல் படித்துவிட்டுப் போகிற எனக்கு நிஜக் கொட்டாவியே வந்துவிடும். பானி அதற்கும் ‘பிரமாதம்’ என்பார்.

இதெல்லாம் எதற்கு என்று நான்காம் வருடம் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில்தான் புரிந்தது. குரல்நாண்கள் தனியாகப் பெரிய சத்தம் எதையும் செய்வதில்லை. நடுத்தர உயரத்தில் ஒரு சுரம் பாடினால் நொடிக்கு 440 முறை ஒட்டிப் பிரிகின்றன, அவ்வளவே. சத்தத்தை வளர்ப்பது மேலே இருக்கிற குழாய். தேர்ந்த ஓபராக் குரலில், முக்கியமாக ஆண் குரல்களில், 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலி குவிகிறது. ஆர்கெஸ்ட்ராவின் பலமோ 500 ஹெர்ட்ஸ் பக்கம். உச்சத்துக்குப் போகும் சோப்ரானோ வாயை அகலத் திறந்து அந்தக் குழாயின் வடிவத்தையே சுரத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்கிறாள். ஆக, எழுபது வாத்தியங்களை ஒரு குரல் கத்தி ஜெயிப்பதில்லை, அவை இல்லாத சந்து வழியாகப் போகிறது. இதைக் கண்டுபிடித்த பெருமையோடு பானியிடம் ஓடினேன். "கேட்க அழகாக இருக்கிறது. வாயைத் திற" என்றார்.

பாட்டு இல்லாத அந்த மாதங்களில் எனக்குக் கிடைத்தது அவருடைய கதைதான். வகுப்பு முடிந்து டீ ஊற்றும்போது துண்டு துண்டாகச் சொல்வார். தெர்னோபில் பக்கம் ஒரு கிராமம். அந்த நாட்டில் பியானோ, வயலின் கற்கிற குழந்தைகள் ஆறேழு வயதிலேயே இசைப்பள்ளிக்குப் போய்விடுவார்கள். பிறகு நான்கு வருடம் இசைக் கல்லூரி, அதற்கப்புறம் கன்சர்வேட்டரி என்கிற உயர் இசைக்கல்வி நிலையம். பாடகர்கள் மட்டும் தாமதமாகச் சேரலாம், குரல் முதிரக் காத்திருக்க வேண்டுமே. பானி பதினெட்டு வயதில், சுரக்குறிப்பு வாசிக்கத் தெரியாமல் போய் நின்றிருக்கிறார். கன்சர்வேட்டரியில் பாட்டு மட்டுமில்லை, சோல்ஃபெஜ் என்கிற சுரப்பயிற்சி, ஹார்மனி, நடிப்பு, நடனம், கத்திச்சண்டை. சோவியத் காலம் என்பதால் மார்க்சியமும் உண்டு. "கத்திச்சண்டையில் முதல் மார்க். பாட்டில் இல்லை."

ஓபரா தியேட்டரில் சேர்ந்தபின் ‘லா டிராவியாட்டா’ ஓபராவில் வேலைக்காரி அன்னினா. வருவாள், இரண்டு வரி பாடுவாள், போவாள். மூன்று வருடம் அதே. அப்புறம்தான் கடைசிக் காட்சியில் சாகிற கதாநாயகி வயலெட்டா. சோவியத் உக்ரேனில் வெளிநாட்டு ஓபராக்களை உக்ரேனிய மொழியில்தான் பாடினார்கள். தொண்ணூறுகளில் மூலமொழிக்கு மாறினார்கள். "இருபது வருடம் உக்ரேனிய மொழியில் செத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தாறு வயதில் இத்தாலிய மொழியில் சாகக் கற்றுக்கொள்ள வேண்டி வந்தது" என்று சிரித்தார். அந்த வருடங்களில் சம்பளம் மாதக்கணக்கில் வராததைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. நிகழ்ச்சி நாளில் சாயங்காலம்வரை பேசமாட்டாராம். மகன் பள்ளியிலிருந்து வந்தால் சிலேட்டில் எழுதித்தான் சாப்பாடு எங்கே என்று சொல்வாராம். அந்த மகனுக்கு இன்றும் ஓபரா பிடிக்காது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

என் குரல் எந்த வகை என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன். சோப்ரானோவுக்கு ஒரு படி கீழான மெஸ்ஸோவா, சோப்ரானோவா? பானி பதில் சொல்லாமல் என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை சொலோமியா குருஷெல்னித்ஸ்காவின் நினைவு இல்லத்துக்குக் கூட்டிப் போனார். 1872-இல் தெர்னோபில் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர், பானிக்கு ஊர்ப்பெருமை. லிவீவ் கன்சர்வேட்டரியில் மெஸ்ஸோ என்று பயிற்சி கொடுத்து, 1893-இல் மெஸ்ஸோ வேடத்தில்தான் மேடையேறினார். மிலான் போன பிறகு அங்கிருந்த ஆசிரியை ஃபௌஸ்தா கிரெஸ்பி, நீ சோப்ரானோ என்று சொல்லி முதலிலிருந்து கற்றுக்கொடுத்தார். 1904 பிப்ரவரியில் லா ஸ்காலாவில் படுதோல்வி கண்ட புச்சினியின் ‘மேடம் பட்டர்ஃப்ளை’, திருத்தப்பட்டு அதே வருடம் மே மாதம் பிரெஷாவில் ஏறி ஜெயித்தபோது பட்டர்ஃப்ளையாகப் பாடியவர் இவர்தான். 1939-இல் விடுமுறைக்கு லிவீவ் வந்தவர் போரில் மாட்டிக்கொண்டார். வீடு அரசுடைமையானது. கடைசிவரை கன்சர்வேட்டரியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து 1952-இல் இறந்தார். லிச்சாகிவ் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். இப்போது லிவீவ் ஓபராவுக்கே அவர் பெயர்.

படியிறங்கும்போது பானி சொன்னார்: "அவருக்கே தப்பாகச் சொன்னார்கள். உனக்கு நான் ஏன் அவசரப்பட வேண்டும்?"

மூன்றாம் வருடப் பரீட்சை நெருக்கியபோது பாட்டை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். பானி திட்டவில்லை. இரண்டு இசைத்தட்டுகளை எடுத்துப் போட்டார். ஆண்களின் கனத்த கீழ்க்குரலான பாஸில் போரிஸ் ஹ்மிரியா, மேல்குரலான டெனரில் அனதோலி சொலோவியானென்கோ. "இவர் கார்கிவில் கட்டட இன்ஜினீயரிங் படித்தவர். இவர் டொனெட்ஸ்க் பாலிடெக்னிக். வெளியே தனியாகப் பாட்டுக் கற்று, கடைசியில் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா வரை போனார். இன்ஜினீயர்கள் பாடிவிட்டார்கள். டாக்டர் யாராவது வேண்டாமா?" எனக்கு அந்த அளவுக்கு ஞானம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் விடவில்லை.

அந்த 2016 ஜூன் கடைசியில் வகுப்பே நடக்கவில்லை. லிவீவில் பிறந்து பாரிஸ் ஓபராவில் பாடிக்கொண்டிருந்த வசில் ஸ்லிபாக், 29-ஆம் தேதி கிழக்கே போர்முனையில் சுடப்பட்டு இறந்தார். வயது 41. அவர் பாடிய சாத்தான் மெஃபிஸ்டோஃபிலிஸ் வேடத்தை வைத்துப் போர்முனையில் அவருக்கு ‘மிஃப்’ என்று அழைப்புப் பெயர். கதவைத் திறந்த பானி கறுப்பு உடையில் இருந்தார். "இன்றைக்கு வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

முதல் பாட்டுக்கு வருகிறேன். ஏழு மாதம் கழித்துப் பானி கையில் கொடுத்தது இத்தாலிய ஓபராவின் தனிப்பாட்டான ஆரியா அல்ல. மிகோலா லிசென்கோவின் ‘நதால்கா பொல்தாவ்கா’ ஓபராவில் கதாநாயகி பாடும் ‘வியுத் வித்ரி’, காற்று வீசுகிறது என்று தொடங்கும் ஏக்கப்பாட்டு. ரஷ்யப் பேரரசு 1876-இல் போட்ட ஆணையில், இசைத்தாளில் சுரங்களுக்குக் கீழே உக்ரேனிய வார்த்தைகளை அச்சடிக்கக்கூட அனுமதியில்லை. லிசென்கோ அந்தக் காலத்து ஆள். "அதனால் ஒரு எழுத்தைக்கூட விழுங்காதே" என்றார் பானி. நாக்கை உருட்டும் ‘ர’ நமக்கு இலவசமாக வந்துவிடுகிறது. ‘இ’க்கும் ‘எ’க்கும் நடுவில் அவர்களுக்கு ஓர் உயிரெழுத்து உண்டு, அதற்கே ஒரு மாதம் போனது.

பானியின் மாணவர்கள் ஏழு பேர் ஓர் இசைப்பள்ளியின் சின்ன ஹாலில் பாடினோம். மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெண் என்னிடம் "நி பூஹு, நி பெரா" என்றாள். தூவியும் இல்லை, இறகும் இல்லை என்று அர்த்தம், நல்லது நடக்க அப்படித்தான் சொல்வார்கள். நான் பவ்யமாக "நன்றி" சொல்லிவிட்டேன். நாலைந்து பேர் பதறினார்கள். "நன்றி சொல்லாதே! ‘தோ பிசா’ சொல், பேய்க்குப் போ என்று சொல்!" பாடப்போகிற நேரத்தில் முன்பின் தெரியாத பெண்ணைப் பேய்க்குப் போகச் சொல்லிவிட்டு மேடையேறினேன்.

முதல் சரணம் ஒழுங்காகப் போனது. பியானோக்காரர் என் மூச்சைப் பார்த்துக் காத்திருந்தார். இரண்டாவதில் ஒரு நீண்ட சுரத்தில், நானே எதிர்பார்க்காமல், சுரத்தை அசைத்துப் பாடும் ஒரு கமகம் கழுத்திலிருந்து உருண்டு வந்தது. ஹாலில் யாரோ "ஓ" என்றார்கள். கைதட்டல் நன்றாகவே இருந்தது. பானி ஒன்றும் சொல்லவில்லை. டிராம் நிறுத்தத்தில்தான் கேட்டார்.

"அது என்ன?"

"கமகம். எங்கள் ஊரில் அப்படி…"

"இனிமேல் செய்யாதே."

அடுத்த வகுப்பில் கோட்டைக் கழற்றும் முன்பே, "அதை மறுபடி செய். மெதுவாக. குரல்வளை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்" என்று என் தொண்டையில் இரண்டு விரலை வைத்தார். அரை மணி நேரம் ஆனது. பிறகு அவரே முயன்றார். வரவில்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்தது எனக்கு.

2019-இல் படிப்பு முடிந்து வந்துவிட்டேன். என் குரல் வகையை அவர் கடைசிவரை சொல்லவேயில்லை. 2022-இல் போர் வந்ததும் ஊரைவிட்டு வாருங்கள் என்று மகன் கெஞ்சியும் பானி அசையவில்லை. ஓபரா மறுபடி திறந்தபோது, பதுங்குமிடத்தில் எத்தனை பேர் கொள்வார்களோ அத்தனை டிக்கெட்தான் விற்றார்கள். அதில் ஒன்றை வாங்கிப் போய் வந்ததைச் சொன்னார். அந்தக் குளிர்காலத்தில் மின்சாரம் இருக்கும் மணிகளில் என்னைக் கூப்பிடுவார். ஒரு ராத்திரி டியூட்டியில் இருந்தேன், வார்டு அமைதியாக இருந்தது. ரொஸ்பிவ்கா பாடு என்றார். டியூட்டி ரூம் கதவைச் சாத்திக்கொண்டு மேலே மேலே ஏறினேன். கதவு தட்டும் சத்தம்.

"டாக்டர், என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?" சிஸ்டர் டார்ச்சோடு நிற்கிறார்.

ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டுப் போனை எடுத்தால், அங்கே பானி காத்திருக்கிறார்.

"விலா மூடிவிட்டது. மறுபடி."